என் சரகத்தில் ஒரு சைலன்சர்

அன்று மலைப்பந்தயத்தின் புறப்பாட்டுக் கோட்டருகே நின்றவர்கள் ஏழு பேர். வில்டன்ரோடே சரகத்தின் புகைபோக்கி மாஸ்டரான நான், வெண்டலின் ஹாபர்கோர்ன்; என் மனைவி ரோஸ்வித்தா; என் தம்பி ஆல்வின்; மருந்துக்கடை உரிமையாளரும் மோட்டார் கிளப் தலைவருமான பிரென்னெக்கே; மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை முதலாளி ரூபெஸாம்; காவலர் ஷூனேமன்; கோஸ்லாரிலிருந்து வந்த பந்தயக்காரன் ஓல்மன். கொஞ்சம் தள்ளி மற்றப் பந்தயக்காரர்கள் பதினெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். மலைப்பாதை நெடுக மூவாயிரம் பேர் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வேலிக்குப் பின்னால் நின்றவர்கள். வேலிக்குப் பின்னால் நின்றவர்களின் சாட்சியத்தை நான் ஏற்பதில்லை.

இது நடந்தது 1926ஆம் வருடம், ஜூன் மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. மோட்டார் கிளப் இப்போது தன் வெள்ளிவிழாப் புத்தகத்தில் இதைப் பற்றி இரண்டு பக்கம் அச்சடித்திருக்கிறது. அதில் தேதி சரியாக இருக்கிறது. மற்றவற்றை நான் எழுதுகிறேன்.

ஹாபர்கோர்ன் குடும்பம் நான்கு தலைமுறையாகப் புகைபோக்கி சுத்தம் செய்யும் குடும்பம். எங்கள் கொள்ளுத்தாத்தா சுத்தம் செய்த புகைபோக்கிகளில் ஒன்றுகூடத் தீப்பிடித்ததில்லை. எங்கள் பக்கத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட புகைபோக்கிக்காரனைத் தெருவில் பார்த்தால், ஓடி வந்து அவன் கோட்டுப் பொத்தானைத் தொடுவார்கள். தொட்டால் அதிர்ஷ்டம். கல்யாணப் பெண் தொடுவாள், பரீட்சைக்குப் போகிறவன் தொடுவான், சீட்டாட உட்காருகிறவனும் தொடுவான். ரோஸ்வித்தா வாரத்துக்கு மூன்று பொத்தான் தைப்பாள்.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. எனக்குப் பிறகு, ஊர்ப் புகைபோக்கிகளையெல்லாம் பார்க்கும் இந்தச் சரகம் ஆல்வினுக்கு வர வேண்டும். அவனுக்கு அப்போது இருபத்துநான்கு வயது, என்னைவிடப் பதினேழு வயது இளையவன். என்னிடம்தான் வேலை செய்தான். கூரை மேல் பூனைபோல நடப்பான். ஒரே ஒரு குறை. மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மீன் பிடிக்கப் போனான். ஒரு மீன்கூட வீட்டுக்கு வந்ததில்லை.

"ஏன் ஆல்வின், அந்த ஆத்துல தண்ணிக்குப் பதிலா பெட்ரோலா ஓடுது? சட்டையெல்லாம் அந்த வாடைதான் அடிக்குது" என்று ரோஸ்வித்தா ஒருமுறை கேட்டாள்.

"பாலத்து மேல லாரிங்க நிறையப் போகுது அண்ணி."

"மீனெல்லாம் அந்த லாரில ஏறித்தான் போயிடுது போல."

நான் எதையும் கவனிக்கவில்லை. இருபத்தைந்து வருடம் புகைக்கரியில் மூக்கை வைத்தவனுக்குப் பெட்ரோல் வாடை தெரியாது.

அந்த நாளில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர்களில் பலர் பொய்ப் பெயரில் ஓட்டினார்கள். டாக்டர்கள் நோயாளிகளுக்குப் பயந்து, ராணுவ அதிகாரிகள் மேலதிகாரிகளுக்குப் பயந்து, பெரிய வம்சத்துப் பிள்ளைகள் தாய்மார்களுக்குப் பயந்து. அதனால் ஒருவன் பொய்ப் பெயரில் வந்தாலே ஊர் அவனைப் பிரபு என்று முடிவு கட்டிவிடும். அப்படி மூன்று வருடமாக 'டோலே' என்று ஒருவன் ஹார்ட்ஸ் மலைப் பந்தயங்களில் பெயர் வாங்கிவந்தான். டோலே என்பது காக்கை இனத்துப் பறவை. புகைபோக்கிக்குள் சுள்ளி அடைத்துக் கூடு கட்டும். எங்கள் தொழிலுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. செய்தித்தாளில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம், எந்த முட்டாள் பிரபு இந்தப் பெயரை வைத்துக்கொண்டான் என்று நினைத்துக்கொள்வேன்.

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, பிரென்னெக்கே வீட்டுக் கூரையில் இருந்தேன். கோடைக்காலம், கீழே அடுப்பு அணைந்திருந்தது. தூரிகையை இறக்கப் போகும் நேரத்தில் குழாய் வழியாகப் பேச்சு மேலே வந்தது. புகைபோக்கியைவிடத் தெளிவான டெலிபோன் இன்றுவரை வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை நீங்க முதல்ல வந்தா, திங்கக்கிழமைலேருந்து எங்க தொழிற்சாலை ஆளு நீங்க. வருஷம் பூரா பந்தயம்தான்" என்றது ஒரு கனத்த குரல். அது ரூபெஸாம் என்று பிறகு தெரிந்தது.

"வரலைன்னா?"

இந்தக் குரலை எனக்குத் தெரியும். காலையில் என் எதிரே உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிய குரல்.

"வரலைன்னா வேற ஆளுதான் பாக்கணும். ஓல்மன் என் வாசல்லயே நிக்கறான்."

"சரி. தோத்துட்டா நானும் இத்தோட விட்டுடறேன். மூணு வருஷமா வீட்டுல பொய் சொல்லிட்டுத் திரியறேன், முடியல. பழையபடி கூரைக்கே போயிடுவேன்."

"கூரையா?"

கீழே நாற்காலி ஒன்று நகர்ந்தது.

"எங்க வீட்டுக் கூரை" என்றான் ஆல்வின்.

"ஓகோ! உங்க மாளிகைக் கூரைலேருந்து பாத்தா மலையெல்லாம் நல்லாத் தெரியும், இல்லையா பிரபு?"

"ரொம்ப நல்லாத் தெரியும்" என்றான் என் தம்பி.

மறுக்கவில்லை. பிரபு என்கிறான் ஒருவன். நான்கு தலைமுறை ஹாபர்கோர்ன் ஒருவன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறான். நான் தூரிகையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. குழாயில் கேட்டது குழாயோடு போக வேண்டும். என் தாத்தாவுக்கு இந்த ஊரின் மூன்று உயில்களும் ஒரு ஓடிப்போன கல்யாணமும் முன்கூட்டியே தெரியும். வாயைத் திறக்காமலே செத்தார். ஆகையால் நான் ஆல்வினிடம் எதுவும் கேட்க முடியாது. எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவும் முடியாது. சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு உருண்டையை வெட்டிக்கொண்டே இவ்வளவுதான் கேட்டேன்:

"நாளைக்கும் மீன் பிடிக்கவா?"

"ஆமாண்ணே."

"பெரிய மீனா?"

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "கெடச்சாத்தாண்ணே தெரியும்."

அவனைத் தடுப்பது என்று முடிவு செய்தேன். தோற்றால் அவனாகவே திரும்பிவிடுவான். சரகம் ஹாபர்கோர்ன் பெயரிலேயே இருக்கும். ஓடவிடாமல் செய்தாலும் தோற்றது மாதிரிதான். குழாயில் கேட்டதைச் சொல்லாமல், மாஸ்டர் என்ற முறையில், விதிப்படி தடுக்க வேண்டும். எந்த விதி என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் விதிப்புத்தகம் நூற்றுப்பத்துப் பக்கம். அதில் ஏதாவது கிடைக்காமல் போகாது.

ஞாயிற்றுக்கிழமை முழுச் சீருடையில் போனேன். தோளில் சுருட்டிய கயிறு, இடுப்பில் சுரண்டியும் கைக்கண்ணாடியும், இரண்டாம் எண் தூரிகை. சீருடையைப் பார்த்ததும் வாயிலில் டிக்கெட் கேட்கவில்லை. ரோஸ்வித்தாவும் கூடவே வந்தாள். அவளுக்கு டிக்கெட் கேட்டார்கள்.

"நான் மாஸ்டரோட தூரிகை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

ஆல்வின் தோலுடையும் காற்றுக்கண்ணாடியும் போட்டு, மூக்குவரை துணி கட்டியிருந்தான். என்னைக் கண்டதும் முகத்தை டாங்கி மேல் கவிழ்த்துக்கொண்டான். அவனுடைய வண்டி இரண்டு முறை தும்மியது, ஒருமுறை விக்கியது. எனக்கு இயந்திரம் தெரியாது. ஆனால் அடைத்துக்கொண்ட குழாயின் சத்தம் தூக்கத்திலும் தெரியும். குனிந்து, சைலன்சர் குழாயின் வாய்க்குக் கைக்கண்ணாடியைக் காட்டினேன். ஒரு விரல் கனத்துக்குக் கரி. நடுவில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை.

நிமிர்ந்தேன். "காவலரே, இந்த வண்டிய மூட்டக் கூடாது."

பிரென்னெக்கே கையில் கொடியோடு ஓடி வந்தார். "மாஸ்டர், இது அடுப்பில்ல. மோட்டார் சைக்கிள்."

"உள்ள தீ எரியுதா?"

"எரியுது."

"புகை வருதா?"

"வருது."

"குழாய் வழியாத்தானே?"

"ஆமா... ஆனா..."

"இந்த ரோடு என் சரகத்துல இருக்கா இல்லையா?"

பிரென்னெக்கே காவலரைப் பார்த்தார். ஷூனேமன் குதிகாலைச் சேர்த்து நின்று கொஞ்சம் யோசித்தார். "சரகத்துல இருக்கற எல்லாப் புகைவழியும் மாஸ்டர் பொறுப்புன்னுதான் விதில போட்டிருக்கு. அது ஒரே எடத்துல நிக்கணும்னு எங்கயும் போடல" என்றார்.

பிரென்னெக்கே கொடியை இறக்கிவிட்டார். எங்கள் ஊரில் விதி என்று ஒருவர் சொன்னால், அதைச் சொன்னவர் தொப்பியும் போட்டிருந்தால், இரண்டாவது கேள்வி கிடையாது. வரிசையில் நின்ற மற்றப் பந்தயக்காரர்கள் சிலர் பயந்துபோய்த் தங்கள் குழாய்களைத் தாங்களே எட்டிப் பார்த்தார்கள்.

ஓல்மன் மட்டும் சிரித்தான். அவன் கசாப்புக்கடைக்காரர் மகன், கழுத்தும் அப்படியே. "என்ன டோலே, அடுப்ப அணைச்சுட்டாங்களா? போய் உக்காந்து உருளைக்கிழங்கு உரி, போ!"

அப்போதுதான் ரூபெஸாம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. "யோவ், யார் வண்டிய நிறுத்தறன்னு தெரியுமா? இவர் ஒரு பிரபு! பழைய வம்சம்! கரி சுரண்டற ஆளு வந்து இவரத் தடுக்கறதா?"

நான் அதுவரை அமைதியாக இருந்தேன் என்பதை ரோஸ்வித்தா சாட்சி சொல்லுவாள்.

"பழைய வம்சமா?" என்றேன். "இவனோட வம்சத்தவிடப் பழசு இந்த மலைல மரம் மட்டும்தான்! இவன் ஆல்வின் ஹாபர்கோர்ன். என் தம்பி. நாலு தலைமுறையா புகைபோக்கி. பிரபு கிரபுன்னு சொல்லி எங்க குடும்பத்தக் கீழ எறக்காதீங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. குழாய்ச் சட்டத்தை நான் மீறினேன் என்று சிலர் சொல்வதுண்டு. மீறவில்லை. குழாயில் கேட்டது அவன் பிரபு என்பது. நான் சொன்னது அதற்கு நேர்மாறு.

ஆல்வின் காற்றுக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். துணிக்கு மேலே முகம் முழுக்கக் காலைப் பயிற்சி ஓட்டத்தின் தூசி, கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை.

"அண்ணே" என்றான்.

"மீன் எங்கடா?" என்றாள் ரோஸ்வித்தா.

அடுத்து நடந்தது எங்கள் ஊரில்தான் நடக்கும். பந்தயக்காரர்கள் பதினெட்டுப் பேரும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். "புகைபோக்கிக்காரன்டா! மூணு வருஷமா பக்கத்துலயே நின்னிருக்கான், தொடாம விட்டுட்டோமே!" ஆல்வின் தோலுடையில் பொத்தான் இல்லாததால் பெல்ட்டு வளையத்தைத் தொட்டார்கள். இடம் கிடைக்காதவர்கள் என்னைத் தொட்டார்கள். முதலில் கை வைத்தவன் ஓல்மன். இழுத்த இழுப்பில் என் மேல்பொத்தான் அவன் கையோடு போயிற்று. திருப்பிக் கொடுக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ரூபெஸாம் ஒரு பெட்ரோல் டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "புகைபோக்கியா... போஸ்டர்ல கிரீடமெல்லாம் வரைஞ்சு வெச்சுட்டேனேய்யா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

ஆல்வின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். தொழில்முறையில் பேசினான்.

"அண்ணே, தடை போட்டது நீ. சரகம் உன்னுது. அடைச்ச குழாயக் கண்டா மாஸ்டர் என்ன பண்ணணும்?"

"சுத்தம் பண்ணணும்."

"எப்ப?"

"கண்ட எடத்துல. கண்ட ஒடனே."

"அப்பறம் என்ன?"

ஷூனேமன் தலையை ஆட்டினார். "விதி அதான்."

எனக்கு வேறு வழியில்லை. கோட்டின் கையை மடித்துக்கொண்டு மண்டியிட்டேன். அரைகுறையாகச் செய்துவிட்டு எழுந்திருக்கலாமே என்று பின்னாளில் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருடன் நான் இப்போது பேசுவதில்லை. சுரண்டியால் கரியைப் பெயர்த்தேன். பாளம் பாளமாக விழுந்தது. பிறகு இரண்டாம் எண் தூரிகை. அந்தக் குழாய்க்கென்றே செய்ததுபோல நுழைந்தது. ரோஸ்வித்தா கரியைத் தன் மேலாடையில் பிடித்துக்கொண்டு, நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி புலம்பினாள்:

"நம்ம அடுப்பங்கரைக் குழாயப் பாருங்கன்னு ஈஸ்டருக்கு முன்னாடி சொன்னேன். இந்தா அந்தான்னு ரெண்டு மாசம். இங்க பாரு, ஏழே நிமிஷம்!"

வேலை முடிந்ததும் மாஸ்டர் மூன்றடி பின்னால் வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "சுத்தம். மூட்டலாம்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்வரை எங்கள் ஊரில் யாரும் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்கள். பிரென்னெக்கே கொடியோடு காத்திருந்தார். ரூபெஸாம் டின்னை விட்டு எழுந்தார். நான் மூன்றடி பின்னால் வந்து நின்றேன்.

சொல்லவில்லை.

சொன்னால் அவன் போய்விடுவான். மலையேறிப் போவது நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் அங்கிருந்து அவன் என் கூரைகளுக்குத் திரும்ப மாட்டான் என்று அந்த வண்டியைப் பிடித்திருந்த அவன் கையைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏணியை அவன் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"ஏண்ணே, சுத்தமா இல்லையா?" என்று கேட்டான் ஆல்வின். கெஞ்சலாக அல்ல. வேலையைப் பற்றித்தான் கேட்டான்.

மறுபடி குனிந்து கைக்கண்ணாடியைக் காட்டினேன். குழாயின் உள்சுவர் பளபளவென்று இருந்தது. நான்கு தலைமுறையில் ஒரு ஹாபர்கோர்ன் அழுக்குக் குழாயைச் சுத்தம் என்று சொன்னதில்லை. சுத்தமான குழாயை அழுக்கு என்று சொன்னதும் இல்லை. அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"சுத்தம். மூட்டலாம்" என்றேன்.

"சத்தமா சொல்லுங்க மாஸ்டர், பின்னால கேக்கல" என்றார் ஷூனேமன். இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தப் பந்தயத்தில் ஒவ்வொருவராகக் கடிகாரத்தை எதிர்த்துத்தான் ஓட வேண்டும். ஓல்மன் மூன்று நிமிடம் இரண்டு விநாடியில் உச்சிக்குப் போனான். கடைசியாக ஆல்வின் புறப்பட்டான். வண்டி தும்மவில்லை, விக்கவில்லை. முதல் திருப்பத்தில் மறைந்த பிறகும் சத்தம் காடு முழுக்க ஒரே சீராகக் கேட்டது. நல்ல இழுப்புள்ள அடுப்பு அப்படித்தான் முழங்கும். உச்சியிலிருந்து டெலிபோன் வந்தது. பிரென்னெக்கே தகரக் குழலை வாயில் வைத்து, "டோலே, ரெண்டு நிமிஷம் ஐம்பத்தொம்போது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். குழலை மறுபடி எடுத்து, "திருத்தம். ஹாபர்கோர்ன், வில்டன்ரோடே" என்றார்.

எங்கள் அப்பாவின் பெயரை அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஓல்மன் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். "இது வேலை செய்யல மாஸ்டர்."

"திருடின பொத்தான் எப்படி வேலை செய்யும்?" என்றேன்.

திங்கட்கிழமை ரூபெஸாம் வீட்டுக்கு வந்தார். போஸ்டரில் கிரீடத்தை அழித்துவிட்டு ஏணி வரைந்திருந்தார். "பிரபுவ யாரும் தெருவுல தொட மாட்டாங்க. புகைபோக்கிக்காரன எல்லாரும் தொடுவாங்க. வண்டி நல்லா விக்கும்" என்றார். ஆல்வின் அன்று மதியமே பெட்டியைக் கட்டினான். போகும்போது தன்னுடைய தூரிகைகளைக் கழுவி, எண் வரிசைப்படி ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். ரோஸ்வித்தா அழுதாள். நான் சரகப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வருடம் பந்தயம் ஓட்டினான், எப்போதும் சொந்தப் பெயரில். பதினொன்றில் ஜெயித்தான். இடது தோள்பட்டை எலும்பை மூன்று முறை உடைத்துக்கொண்டான். அவனைத் தொடாமல் மற்றவர்கள் புறப்பட மாட்டோம் என்று நிற்க ஆரம்பித்ததால், 1929இல் காலில் மாவுக்கட்டோடு கிடந்தவனைக் காரில் ஏற்றி வந்து, கோட்டருகே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். "எல்லாருக்கும் அதிர்ஷ்டம் குடுத்துட்டு நான் எதவெச்சு ஜெயிக்கறது?" என்று கடிதம் எழுதினான். பிறகு பிரவுன்ஷ்வைக்கில் மோட்டார் பட்டறை வைத்தான். இன்றும் வைத்திருக்கிறான். எனக்குப் பிறகு சரகம் வேறு பெயருக்குப் போயிற்று. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

கிளப்பின் புத்தகம் முப்பத்துநான்காம் பக்கத்தில் இன்னொன்று சொல்கிறது. தம்பி போனதிலிருந்து அவனோடு பேசாமல் இருந்த மூத்தவர், ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு அவனுடைய பந்தயங்களுக்கெல்லாம் ரகசியமாகப் போய் வேலிக்குப் பின்னால் நின்றார் என்று. தவறு. நான் போனது பதினான்கு பந்தயங்களுக்கு மட்டும். தாடி என் சொந்தத் தாடி.